கூலன்ட்: ரெடிமிக்ஸா, கான்சென்ட்ரேட்டா?

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை, தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட்டாக வாங்கினால் நாம்தான் தண்ணீர் கலக்க வேண்டும். பெரும்பாலும் பாதிக்குப் பாதி. அந்தத் தண்ணீரில்தான் சிக்கலே. போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் தவறு: கான்சென்ட்ரேட்டில் உள்ள கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் தனியாக, தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை எடுத்துச் செல்லாது.

ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் ரெடிமிக்ஸில் இந்தக் கவலை இல்லை, விலைதான் சற்றுக் கூடுதல். வீட்டிலேயே டாப்-அப் செய்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் ரேடியேட்டரை அலசி முழுதாக மாற்றும்போது கான்சென்ட்ரேட் கை கொடுக்கும். என்ஜினுக்குள் தங்கிய தண்ணீரையும் கணக்கில் சேர்த்துக் கலக்கலாம்.

எதை வாங்கினாலும் நிறத்தை நம்பாதீர்கள், கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். அப்புறம், என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.