சார்லஸ்டனில் எங்கே சாப்பிடலாம்: சோறும் சிப்பியும்

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் உள்ள துறைமுக நகரமான சார்லஸ்டனுக்குச் சாப்பிடுவதற்கென்றே பயணம் வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பழைய சந்தைக் கட்டடத்தைச் சுற்றியுள்ள உணவகங்களிலேயே எல்லா வேளையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். அங்கே ஓர் உணவகத்தில், இந்த ஊரின் அடையாளமாகச் சொல்லப்படும் இறாலும் கிரிட்ஸும் கேட்டு வாங்கினேன். கிரிட்ஸ் என்பது மக்காச்சோள ரவையைக் கூழாகக் கிண்டிச் செய்வது. சூடாக, தளதளவென்று இருந்தால்தான் அதற்குச் சுவை. எனக்கு வந்தது ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. இறாலும் அளவுக்கு மீறி வெந்து விறைத்திருந்தது. இரண்டாம் முறை சென்றபோதுதான், இந்த ஊரில் சோறு சமைக்கும் இடங்களைத் தேடிப் போக வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

சார்லஸ்டன் நெல்லால் செல்வம் சேர்த்த ஊர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இதைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் கரை எழுப்பி, மடை வைத்து, பிற்காலத்தில் கடல் ஏற்றவற்றத்தைக்கொண்டே நீர் பாய்ச்சி நெல் விளைவித்தவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்களின் அடுக்களையில்தான் இந்த ஊரின் மெய்யான சமையல் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. ஆகவே என் பரிந்துரையில் முதலிடம் நகரின் வடக்கே, மீட்டிங் தெரு சாலையில் உள்ள பெர்த்தாஸ் கிச்சனுக்கு. ஆல்பர்த்தா கிராண்ட் தொடங்கி, அவருடைய மகள்கள் ஏற்று நடத்திய இந்த எளிய உணவகத்துக்கு, 2017இல், அமெரிக்காவின் சிறந்த உணவகங்களையும் சமையல் கலைஞர்களையும் சிறப்பிக்கும் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை ‘அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்’ விருது வழங்கியது.

இங்கே வரிசையில் நின்று, கண்ணெதிரே இருக்கும் பாத்திரங்களைப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். ‘ரெட் ரைஸ்’ என்றதும் நம் சிவப்பரிசியை நினைத்துவிடக் கூடாது. அது தக்காளியில் வேகவைத்த வெள்ளரிசிச் சோறு. நம் வீட்டுத் தக்காளிச் சாதத்துக்கு மிக நெருக்கமானது என்றாலும் தாளிப்பு கிடையாது; புகையூட்டிய இறைச்சியின் மணமே அதற்குத் தாளிப்பு. பருக்கை பருக்கையாக, குழையாமல், அடிப்பகுதியில் லேசான தீய்ந்த வாசனையோடு இருந்தது. அதன் பக்கத்தில் வைத்த வெண்டைக்காய்ச் சாற்றில் கொழகொழப்பை மறைக்க எந்த முயற்சியும் இல்லை; அந்தக் கொழகொழப்பே சாற்றுக்குக் கெட்டித்தன்மை தருகிறது. வெண்டைக்காயை வதக்கி வதக்கியே பழகிய எனக்கு இது புதிய பாடமாக இருந்தது. சைவ உணவு உண்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கீரையிலும் பீன்ஸிலும்கூட இறைச்சி சேர்த்திருப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

நகரின் நடுவே சற்றுச் செலவு செய்து சாப்பிட விரும்புவோர் குயீன் தெருவில் 2010இல் தொடங்கப்பட்ட ஹஸ்க் உணவகத்துக்குச் செல்லலாம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் விளையாத எதையும் சமையலறைக்குள் விடுவதில்லை என்ற கொள்கையோடு தொடங்கியதால், ஆலிவ் எண்ணெய்கூட அங்கே விலக்கப்பட்டிருந்தது. உணவுப் பட்டியல் அடிக்கடி மாறும். கரோலினா கோல்டு அரிசியில் செய்த எது இருந்தாலும் தயங்காமல் கேளுங்கள். உமியின் பொன்னிறத்தால் பெயர்பெற்ற இந்த நெல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகப் பயிராக மறைந்து, 1980களில் மீண்டும் விதைக்கப்பட்டது. இந்த ஊரார் ‘பெர்லோ’ என்று அழைக்கும் சோறும் நம் புலாவும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி.

மாலை வேளைக்கு ஃபாலி கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள போவன்ஸ் ஐலண்டு உணவகத்தைச் சொல்வேன். 1946 முதல் நடந்துவரும் இந்த இடம் சதுப்பு ஓடையின் கரையிலேயே இருக்கிறது. குளிர்காலம்தான் சிப்பிக்கு உரிய பருவம். கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் கடற்சிப்பிகளைச் சூடான இரும்புத் தகட்டில் கொட்டி, நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தி ஆவியில் வேகவைத்து, மண்வாரியால் அள்ளி மேசையில் கொட்டுகிறார்கள். கத்தியால் நாமே நெம்பித் திறக்க வேண்டும். உள்ளே நிற்கும் உப்புநீரைச் சிந்தாமல் சதையோடு சேர்த்து உறிஞ்சினால், எதிரே தெரியும் ஓடையின் சேற்று மணமும் கடலின் உவர்ப்பும் ஒன்றாக நாக்கில் ஏறும். சிப்பியின் ஓரங்கள் விரலைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையானவை. இடது கையில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டால் ஓடையைப் பார்த்த இடமாக அமரலாம்.