பழைய டெஸ்க்டாப்பில் ரேம் கூட்டிய பிறகு: இரண்டு வருட அனுபவம்

2012இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஐ5 2400 ப்ராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம். பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே திணறியதால், இரண்டு வருடங்களுக்கு முன் காலியாகக் கிடந்த இரண்டாவது ரேம் ஸ்லாட்டில் 8 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் ஒன்றை வாங்கிப் போட்டேன். முதல் வாரம் அதன் வேகத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் ஆரம்பித்தது.

முதலில் பிரவுசர் டேப்கள் தானாக மூடிக்கொண்டன. பிறகு தினம் இரண்டு தடவையாவது விண்டோஸ் நின்றுபோய் நீலத் திரை. ஒரு தடவை ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வரும், அடுத்த தடவை வேறு ஏதாவது வரும். இப்படி மாறி மாறி வந்தாலே ரேம் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு அது தெரியாததால் விண்டோஸை ஃபார்மட் செய்தேன். இன்ஸ்டால் பாதியிலேயே ஃபைல் சரியில்லை என்று நின்றுவிட்டது.

சரி என்று, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ஓட்டினேன். பழைய ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஒரு இரவு, புதியதை மட்டும் அதே ஸ்லாட்டில் போட்டு ஒரு இரவு. இரண்டிலும் ஒரு பிழைகூட இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இருபது நிமிடத்தில் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். பழையதன் வேகம் 1333, புதியதன் வேகம் 1600 என்பதால் ஒத்துப்போகவில்லை என்று முடிவு கட்டினேன். ஆனால் இந்த ப்ராசசரில் 1600 ரேமும் 1333க்கு இறங்கித்தான் ஓடும், அதில் தவறில்லை. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸில்) 1066க்கு இறக்கியும் சிவப்பு போகவில்லை.

ரேமைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் முன், செய்யாமல் விட்ட ஒன்று ஞாபகம் வந்தது. பத்து வருடமாகப் பிசகாமல் ஓடிய பழைய 4 ஜிபியை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் செருகி ஓட்டினேன். அதற்கும் சிவப்பு வரிகள்!

டார்ச் அடித்துப் பார்த்தேன். பத்து வருடமாக எதுவும் செருகாத அந்தப் பள்ளத்தின் ஒரு ஓரத்தில் சாம்பல் நிறத் தூசி பஞ்சு மாதிரி அடைந்து கிடந்தது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். மென்மையான பெயின்ட் பிரஷால் தூசியை எடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். சர்வீஸ்காரர்கள் ரேமின் தங்க நிற விளிம்பை ரப்பரால் தேய்ப்பார்கள், நானும் மூன்று தடவை தேய்த்திருந்தேன். ஸ்லாட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. (தேய்த்தால் ரப்பர் துகளைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள்.) அன்று இரவு இரண்டு ரேமும் சேர்ந்து ஓடின. காலையில் பிழை பூஜ்யம்.

க்ராஷைவிட எனக்கு வலித்தது வேறு. அந்த மாதத்தில்தான் தங்கை கல்யாணப் படங்களைக் கேமரா கார்டிலிருந்து கணினிக்கு மாற்றி, கார்டை அழித்திருந்தேன். பின்னால் திறந்தால் பதினான்கு படங்களில் கீழ்ப்பாதி முழுக்க வெறும் சாம்பல் நிறம். அதில் ஒன்று பாட்டி ஆசீர்வாதம் செய்யும் படம். சாதாரண டெஸ்க்டாப் ரேமில் பிழையைக் கண்டுபிடிக்கும் ஈசிசி வசதி கிடையாது. ரேமில் தப்பாக மாறிய தகவல் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ரேம் மாற்றியபின் க்ராஷ் வந்தால், சோதித்து முடிக்கும் வரை தயவுசெய்து முக்கியமான எதையும் காப்பி செய்யாதீர்கள்.

போன ஐப்பசி மழையில் ஒரே நாளில் இரண்டு தடவை நீலத் திரை வந்தது. ஸ்லாட்டை மறுபடி சுத்தம் செய்தேன், அதன்பின் தொந்தரவு இல்லை. இப்போது போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது இதையும் சேர்த்துவிட்டேன்.

12 ஜிபியில் பிரவுசரும் எக்செலும் ஒன்றாகத் தாராளமாக ஓடுகின்றன. ஆன் ஆகும் நேரம் மட்டும் குறையவில்லை, அது பிறகு ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்டபோதுதான் குறைந்தது. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள். ரேம் வாங்கும்போது விவரத்தை முழுதாகப் படியுங்கள். ‘ஏஎம்டி போர்டுக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்தில் போட்டு டிடிஆர்3 மலிவாக விற்கிறார்கள். அதன் சிப் அமைப்பே வேறு. இன்டெல் போர்டில் அது பெரும்பாலும் ஆன்கூட ஆகாது, எவ்வளவு துடைத்தாலும்.