பலகாரக் கடைக்கு ஃபயர்வால் போட்டோம் (காரைக்குடி) - 5க்கு 4

எங்களது பலகாரக் கடைங்க. தேன்குழல், சீப்புசீடை, மாவுருண்டை, சிங்கப்பூர் மலேசியானு பார்சலும் போகும். மொத்தமே 3 கம்ப்யூட்டர், ஒரு டிவிஆர் (கேமரா படத்த பதியிற பெட்டி), ஒரு வைஃபை. இதுக்குப் போயி எதுக்குய்யா ஃபயர்வால்னு (நெட்டு வழியா கண்டவன் உள்ள வராம தடுக்குற காவல்) நானுந்தான் கேட்டேன், போன தீபாவளிக்கு 10 நாள் முன்னாடி வரைக்கும்.

அன்னைக்கு காலைல வந்தா டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) திறக்கல, ஃபைல் பேரெல்லாம் மாறிக் கெடக்கு, நடுவுல ஒரு நோட்பேட் ஃபைல், பிட்காயின்ல காசு அனுப்புனு. பேக்கப் இருக்கேனு பாத்தா அந்த பென் டிரைவ் வருஷக்கணக்கா அதே சிஸ்டத்துல சொருகியே கெடந்துச்சு, அதுவும் சேந்து போச்சு. காசு குடுக்கல. ஆடிட்டர்ட்ட இருந்த பழைய காப்பி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், அம்மா கைப்பட எழுதுற ஆர்டர் நோட்டு, இத வச்சுத்தான் கணக்க திரும்ப ஏத்துனோம் (அந்த நோட்ட கிண்டல் பண்ணுவேன், இப்ப வாயத் தொறக்குறதில்ல).

அப்புறம் தெரிஞ்சவங்க சொல்லி இங்கயே நெட்வொர்க் வேலை பாக்குற ஒரு தம்பிய கூப்பிட்டோம். எனக்கு புடிச்சதே, வந்ததும் பெட்டி விக்கல. "அண்ணே மொத எது தொறந்து கெடக்குனு பாப்போம்"னு கம்ப்யூட்டர்ல நடந்தத பதிஞ்சு வைக்கிற ஈவென்ட் வியூவர திறந்து காட்டுச்சு, 4625, 4625னு வரிசையா ஓடுது, அதுனா தப்பான பாஸ்வேர்டு போட்டு எவனோ உள்ள வரப் பாத்துருக்கான்னு அர்த்தமாம், ராத்திரி பூரா, அட்மின், அக்கவுண்ட்ஸ், டேலினு பேர மாத்தி மாத்தி. விஷயம் என்னன்னா முன்னாடி கம்ப்யூட்டர் போட்டவரு, ஆடிட்டர் தேவகோட்டைல இருந்தே பாக்கட்டும்னு ரௌட்டர்ல 3389 போர்ட்ட (வெளிய இருந்தே கம்ப்யூட்டர இயக்குற ரிமோட் டெஸ்க்டாப் வழி) தொறந்து விட்டுட்டுப் போயிருக்காரு, பாஸ்வேர்டு கடை பேரோட 123. அம்மா கேட்டுட்டு, "முகப்புல தேக்குக் கதவ சாத்திட்டு பின்கட்ட அடுத்த தெருவுக்கு தொறந்து போட்டுருக்கீகளாக்கும்"னுச்சு.

அந்த போர்ட்ட மூடியாச்சு, ஆடிட்டர் இப்ப வயர்கார்டுங்குற பூட்டுப் போட்ட தனி வழியாத்தான் (விபிஎன்) வரணும் (அவருக்கு எரிச்சல், வாரம் ஒருக்கா போன் போட்டு எத அமுக்கணும்னு கேக்குறாரு). ஃபயர்வாலுக்கு ஒரு மைக்ரோடிக் ரௌட்டர் வச்சு அந்த தம்பி பில்லிங் தனி, கேமரா தனி, கஸ்டமர் வைஃபை தனினு பிரிச்சுருச்சு. கேமராவுக்கு எதுக்கு தனினு கேட்டேன். 2016ல மிராய்னு ஒரு வைரஸ், பாஸ்வேர்டு மாத்தாத கேமரா, டிவிஆரா தேடித்தான் புடிச்சுச்சாம், எங்க டிவிஆர்லயும் வாங்குனப்ப இருந்த பாஸ்வேர்டுதான். பில்லிங்ல இருந்த விண்டோஸ் 7 சிஸ்டத்துக்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னுருச்சுனும் அப்பத்தான் தெரிஞ்சுச்சு, அத தூக்கியாச்சு. பேக்கப்புக்கு ரெண்டு ஹார்டு டிஸ்க், மாத்தி மாத்தி, ஒன்னு எப்பவும் வீட்டுல.

குறை இல்லாம இல்ல. காலைல 9 மணினு சொல்லிட்டு வந்தது 12. நெட்ட பிரிச்சதும் கார்டு மிஷின் வேல செய்யல, அன்னைக்கு முகூர்த்த நாள் வேற, சாயங்காலம் வரைக்கும் காசும் ஜிபேயும் மட்டும்தான். என்னென்ன மாத்துச்சுனு எழுதிக் குடுக்கச் சொன்னேன், மூணு தடவ கேட்டப்புறம் வாட்ஸப்புல ஒரு வாய்ஸ் நோட்டு வந்துச்சு. ரௌட்டர் பாஸ்வேர்ட மட்டும் விடாம கேட்டு வாங்கி எழுதி வச்சுக்கிட்டேன்.

கூப்பிடுறதா இருந்தா முகூர்த்தம் இல்லாத நாளா பாத்து கூப்பிடுங்க, அர நாள் பில்லிங் நிக்கும்.