சமர்ப்பித்த பிறகுதான் தெரியும்: ஒரு சிங்கிள் விண்டோ கஸ்டம்ஸ் போர்டலின் நிறைகுறை

சரக்கு ஆவணங்கள் போடுவதுதான் என் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக்ளரேஷன், அதாவது கஸ்டம்ஸுக்கான சரக்கு விவரப் படிவம், அடிப்பது, கேள்வி வந்தால் பதில் சொல்வது, கன்டெய்னர் வெளியே வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பது. கஸ்டம்ஸுக்கும் மற்ற அரசுத் துறைகளுக்கும் ஒரே இடத்தில் தாக்கல் செய்யும் புது சிங்கிள் விண்டோ போர்டலுக்கு எங்களை மாற்றி நாளாகிவிட்டது. ஆரம்பத்து எரிச்சலும் போய்விட்டது, புதுசு என்ற மயக்கமும் போய்விட்டது. விமர்சனம் எழுத இதுதான் சரியான நேரம். போர்டலின் பெயர் வேண்டாம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அவரவர் போர்டல் தானாகவே கண்முன் வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் வந்து சேரும் முன்பே தாக்கல் செய்யும் வசதி அருமையாக வேலை செய்கிறது. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம் உறுப்பு நாடுகளிடம் கேட்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. ஷிப்பிங் லைன் மேனிஃபெஸ்ட் (கப்பலில் உள்ள சரக்குகளின் பட்டியல்) அனுப்பியிருந்தால் போதும், பில் ஆஃப் லேடிங் நம்பரை அடித்தவுடன் கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், எடை எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கையால் அடிக்க வேண்டி வந்தாலும் பயமில்லை. கன்டெய்னர் நம்பரின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதால், நடுவில் ஓர் எண் மாறினால் பெரும்பாலும் அங்கேயே சிவப்புக் கோடு விழுந்துவிடும்.

பொருளை வகைப்படுத்தும் எண்ணான எச்.எஸ். கோடு தேடலும் பரவாயில்லை. தண்ணீர் பம்புக்கான உதிரிபாகங்கள் என்று தேடினால் 8413.91 வருகிறது. அந்த இன்வாய்ஸிலேயே மெக்கானிக்கல் சீல் (கசிவைத் தடுக்கும் பாகம்) தனியாக இருந்தால், அது பம்புக்குத்தான் போகிறது என்றாலும் 8484.20-க்குப் போக வேண்டும். போர்டல் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளை ஓரத்திலேயே காட்டுவதால் புதிதாக வேலைக்கு வந்த பையன்கள்கூட இதைப் பிடித்துவிடுகிறார்கள். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாட்டின் இஷ்டம். அந்த இஷ்டப் பகுதியில்தான் தேடல் கொஞ்சம் தடுமாறுகிறது.

சரி, இனி சண்டைக்கு வருவோம்.

பெரிய டிக்ளரேஷன் ஒன்றைச் சமர்ப்பித்தால் 'மொத்த மதிப்பு பொருந்தவில்லை' என்று திரும்பி வரும். எந்த வரியில் (ஒரு பொருளுக்கு ஒரு லைன்) என்று சொல்லாது. நடப்பது இதுதான்: சரக்குக் கட்டணத்தையும் இன்ஷூரன்ஸையும் மதிப்புக்கேற்ப ஒவ்வொரு வரிக்கும் பிரித்துப் போடுகிறோம். ஒவ்வொரு வரியிலும் தசமம் முழுமையாக்கப்படுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தத்தில் ஒரு சல்லிக்காசு கூடவோ குறையவோ நிற்கும். அதற்காக முழு டிக்ளரேஷனும் நிராகரிப்பு! பழகியவர்கள் அந்த மிச்சத்தைக் கடைசி வரியில் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். ஒரு சின்ன சகிப்பு வரம்பு வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இவ்வளவு செலவு செய்து கட்டியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

அடுத்தது பேலட், அதாவது சரக்கை அடுக்கும் அடித்தட்டு. பம்பு இரும்புதான், ஆனால் அது மரப் பேலட் மேல் வந்தால் தாவரப் பாதுகாப்புத் துறையும் உள்ளே வந்துவிடும். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்தியிருக்க வேண்டும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட வேறு முறையில் பூச்சிநீக்கம் செய்திருக்க வேண்டும் என்பது மரப் பொதிகளுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி. விதியில் தப்பில்லை. ஐ.நா.வின் பொதிக் குறியீட்டுப் பட்டியலில் மரப் பேலட்டுக்கு 8ஏ என்று தனிக் குறியீடே இருக்கிறது. எங்கள் போர்டலின் பட்டியலிலோ பேலட் என்றால் பொதுவான பி.எக்ஸ் ஒன்றுதான். விளைவு, பிளாஸ்டிக் பேலட்டில் வந்த சரக்கும் மரத்துக்கான வரிசையில் போய் நிற்கிறது. போட்டோவை இணைத்து, இது பிளாஸ்டிக் என்று எழுதி, ஒருவர் திறந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

என் பெரிய குறையும் இந்த இடத்தில்தான். கஸ்டம்ஸ் பகுதி ஓடுகிறது, பின்னால் இருக்கும் மற்ற துறைகள் நடக்கின்றன. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று டிக்ளரேஷனைப் பிரிக்கும் வேலையை மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். பச்சை என்றால் நேரே விடுவிப்பு, மஞ்சள் என்றால் ஆவணப் பரிசோதனை, சிவப்பு என்றால் பெட்டியைத் திறந்து பார்ப்பது. ஐ.நா.வின் வர்த்தக அமைப்பான அங்க்டாட் உருவாக்கிய அசிக்குடா என்ற கஸ்டம்ஸ் மென்பொருளைப் பயன்படுத்தும் பல நாடுகளிலும் இதே வண்ணங்கள்தான், அங்கே விடுவித்த பிறகு தணிக்கை செய்ய நீலம் என்று ஒன்றும் உண்டு. ஆனால் கஸ்டம்ஸ் பச்சை காட்டினாலும் விதை இறக்குமதி என்றால் தாவரத் துறையின் ஒப்புதல் இல்லாமல் சரக்கு அசையாது. இத்தனைக்கும் தாவர நலச் சான்றிதழை ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டு அரசுக்கு நேரடியாக மின்னணு வடிவில் அனுப்பும் ஈஃபைட்டோ ஏற்பாடு உலகில் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் போர்டலில் அந்தச் சான்றிதழை ஸ்கேன் செய்து பி.டி.எஃப்.பாக ஏற்றச் சொல்கிறார்கள். அதை ஒரு அதிகாரி பிரின்ட் எடுத்துப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டபோது சிரிப்புத்தான் வந்தது.

எல்லாத் துறைகளையும் ஒன்றாக இணைப்பது முடியாத காரியமும் இல்லை. சிங்கப்பூர் 1989-லேயே டிரேட்நெட்டைத் தொடங்கி, பல துறைகளின் அனுமதியை ஒரே விண்ணப்பத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அப்போது இணையம் என்ற பேச்சே பொதுமக்களிடம் கிடையாது. அதே சமயம், நவீனத் தொழில்நுட்பம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. கப்பல் கம்பெனி மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து பிளாக்செயினில் (பலரும் பகிர்ந்து வைத்திருக்கும் மின்னணுப் பதிவேடு) கட்டிய டிரேட்லென்ஸ் என்ற சரக்குத் தகவல் தளத்தை, தொழில்துறை முழுவதும் கைகோக்கவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

யாருக்குச் சரிப்படும்? மாதத்துக்குச் சில கன்சைன்மென்ட், அதுவும் எந்த அனுமதியும் தேவைப்படாத பொருள் என்றால் இணையப் படிவமே தாராளம். டிக்ளரேஷனில் லைன்கள் அதிகம் என்றால் எல்லாவற்றையும் எக்ஸ்.எம்.எல். கோப்பாக ஏற்றும் வழிக்கு மாறிவிடுங்கள், படிவம் பாதியில் லாக்-அவுட் ஆகி வயிற்றெரிச்சல் கொட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சோதனைத் தளம் ஒன்று தனியாக இருக்கிறது, நிஜத் தாக்கலுக்கு முன் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. உணவு, மருந்து, விதை கையாளுபவர்கள் போர்டல் சொல்லும் நேரத்தை நம்பி லாரிக்குச் சொல்லிவிடாதீர்கள். துறை ஒப்புதல் திரையில் வந்த பிறகு சொன்னால் போதும்.

அப்புறம் ஒரு விஷயம். போர்டல் படுத்துவிட்டால் டெமரேஜ் (சரக்கை எடுக்கத் தாமதமானால் விழும் கட்டணம்) கணக்கு நிற்காது. சேவை தடைப்பட்டது என்று சான்றிதழ் வாங்கிக் காட்டினால் துறைமுகம் கட்டணத்தில் சலுகை தர வாய்ப்பு உண்டு. அந்தச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் இதே போர்டலில்தான் போட வேண்டும்.