எலுமிச்சையா, உப்பா, யூரியாவா?

புரதம் என்பது குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும் நீள இழை. அந்த மடிப்பை உண்மையில் அவிழ்ப்பது அமிலமா, உப்பா, யூரியாவா? சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது. உடனே அமிலம் புரதத்தை அழித்துவிட்டது என்போம். பாலின் முக்கியப் புரதமான கேசீனைப் பொறுத்தவரை அது சரியில்லை. பாலின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடுதல்) 6.7 அளவில் இருக்கும்போது கேசீன் துகள்கள் எதிர்மின் சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. 4.6-க்கு இறங்கினால் சுமை தீர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. காரம் சேர்த்தால் திரும்பவும் கரையும், அழிந்திருந்தால் கரையுமா? பி.எச். 2 பக்கம் போனால் கதை வேறு. அங்கே நேர்மின் சுமைகள் ஒன்றையொன்று உதைத்து, பல புரதங்களின் மடிப்பு உண்மையிலேயே விரிகிறது. வயிற்றில் புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சினுக்கு மட்டும் அதுதான் சொந்த வீடு.

உப்புக்கு வீணாகக் கெட்ட பெயர். கொஞ்சமாக இருந்தால் பல புரதங்களைக் கரையவைக்கும். அளவு மீறினால் நீரைத் தன் பக்கம் இழுத்துப் புரதத்தை வெளியே தள்ளும். அப்படித் தள்ளப்பட்டது பெரும்பாலும் உருக்குலையாது. அம்மோனியம் சல்ஃபேட் கொட்டி நொதிகளைப் பிரித்தெடுப்பது இந்தத் தைரியத்தில்தான். ஆனால் தயோசயனேட் போன்ற உப்புகள் அவிழ்க்கிற கட்சி.

அமிலமும் உப்பும் கூட்டணி வைப்பதைக் குரோம்பேட்டை, பல்லாவரம் தோல் தொழிற்சாலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பதனிடும் முன் தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்கும் 'பிக்கிள்' போடும்போது முதலில் உப்பு, பிறகுதான் அமிலம். வெறும் அமிலத்தில் போட்டால் தோலின் முக்கியப் புரதமான கொலாஜன் நீரைக் குடித்து ஊதிவிடும். (அந்தக் கொலாஜனுக்கு முப்புரி வடிவம் என்று 1954-இல் சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.)

மடிப்பை முழுசாக அவிழ்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு யூரியாவுக்கு. 8 மோலார், அதாவது லிட்டருக்கு 480 கிராம். 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு இன்னும் முரடு. ஆனால் அது தானே ஓர் உப்பு என்பதால் புரதத்தின் மின்சுமை உறவுகளையும் மறைத்துவிடும். யூரியா அந்த வம்புக்குப் போகாது. அவிழ்ந்த இழையைக் கட்டிதட்ட விடாமல் கரைசலிலேயே வைத்திருக்கும். அதனால் அகற்றியதும் திரும்ப மடிய வழியுண்டு. ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை இப்படி அவிழ்த்து மறுபடி மடியவைத்த அமெரிக்க விஞ்ஞானி அன்ஃபின்சனுக்கு 1972-இல் நோபல் கிடைத்தது. அவித்த முட்டையிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஒரே எச்சரிக்கை: யூரியாக் கரைசலைச் சூடாக்காதீர்கள், சயனேட் உருவாகிப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு வாரச் சோதனையை அப்படித்தான் கோட்டைவிட்டேன்.

காசிமேட்டுச் சுறாவின் உடம்பு முழுக்க யூரியாதான். அதன் புரதம் ஏன் குலையவில்லை? சுமார் இரண்டு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற சேர்மம் துணைக்கு இருந்து மடிப்பைக் காக்கிறது. செத்தபின் பாக்டீரியா அந்த யூரியாவை அம்மோனியாவாக்கிவிடும். அதனால் புட்டுக்குச் சுறா வாங்கும்போது மோந்து பார்த்து வாங்குங்கள்.