சிடிசி25 ஆ, பிபி2ஏ ஆ? ஒடுக்கற்பிரிவு வகுப்புக்கு என் தெரிவு

கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். ஒடுக்கற்பிரிவில் (முட்டை, விந்து உருவாகும்போது நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் குழியப் பிரிவு) புரதங்கள் மேல் பொசுபேற்றை ஏற்றும் நொதியங்களான கைனேசுகளைப் பற்றிப் பேசிய பிறகு, அதைக் கழற்றும் பொஸ்பட்டேசுகளுக்கு ஒரு பாடவேளை கிடைத்தாலே பெரிது. சிடிசி25, பிபி2ஏ இரண்டும் அப்படிப்பட்ட பொஸ்பட்டேசுகள். இம்முறை உதாரணமாகப் பிபி2ஏயை எடுத்தேன். இனியும் அதையே எடுப்பேன்.

சிடிசி25 சொல்லச் சுலபம். பிரிவைத் தொடக்கும் சிடிகே1 என்ற கைனேசின் மேலிருக்கும் தடைப் பொசுபேற்றுகளை அது கழற்ற, பாதியில் நின்றுபோன முட்டைக்குழியம் பிரிவைத் தொடரும். தூண்டப்பட்ட சிடிகே1 திரும்பவும் சிடிசி25ஐத் தூண்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த மாதிரி, பிறகு நிற்காது. சிடிசி25பி இல்லாத பெண் எலிகள் மலடாக இருப்பது 2002இல் தெரிந்தது. சரி, நல்ல கதைதான். ஆனால் இழையுருப்பிரிவும் (உடற்குழியங்களின் சாதாரணப் பிரிவு) ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறது.

பிள்ளைகள் கேட்பது வேறு: ஒடுக்கற்பிரிவின் இரு பிரிவுகளில் முதலாம் பிரிவில் சகோதரி அரைநிறவுருக்கள் (ஒரு நிறமூர்த்தத்தின் இரு பிரதிகள்) ஏன் பிரிவதில்லை? எனக்கு இந்தக் கேள்விதான் தெரிவை முடிவு செய்தது. அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது கொகீசின் என்ற புரதக் கூட்டு. அதிலுள்ள ரெக்8 புரதத்தைச் செப்பரேஸ் என்ற நொதியம் வெட்டும்; ஆனால் ரெக்8 மேல் பொசுபேற்று ஏறியிருக்க வேண்டும். நிறமூர்த்தத்தின் புயங்களில் ஏறியிருக்கிறது, வெட்டு விழுகிறது. புயங்கள் சேரும் இடமான மையப்பாத்திலோ சுகோசின் என்ற புரதம் பிபி2ஏயைக் கூட்டிவந்து வைத்திருக்கிறது. அது பொசுபேற்றைக் கழற்றிக்கொண்டே இருப்பதால் அங்குள்ள கொகீசின் தப்புகிறது. இரண்டாம் பிரிவில் இந்தப் பாதுகாப்பு விலக, அதே செப்பரேஸ் மிச்சத்தையும் வெட்டுகிறது. வெட்டும் நொதியம் ஒன்றேதான். எங்கே, எப்போது வெட்டலாம் என்பதைப் பொஸ்பட்டேஸ் தீர்மானிக்கிறது. மதுவத்தில் (யீஸ்ட்) 2004இல் சுகோசினும், 2006இல் அதனோடு சேரும் பிபி2ஏயும் தெரியவந்தபோது, பாடத்தின் இந்த இடம் முழுதாக விளங்கும் நிலைக்கு வந்தது.

அப்புறம், இது வீட்டு வாசல் வரை வரும் விஷயம். வயது ஏற முட்டையிலுள்ள கொகீசின் குறைகிறது. 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடுவதால் வரும் டவுன் நோய்க்கூறு, தாயின் வயதோடு அதிகரிப்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பிபி2ஏதான் காரணம் என்று மட்டும் பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கரும்பலகையில் நிறச் சோக்கால் பொசுபேற்றுப் புள்ளிகளை வைத்து, மையப்பாத்தில் மட்டும் அழித்துக் காட்டினால் முக்கால்வாசிப் பாடம் முடிந்தது. ஆனால் நான் இதைச் சொன்னது அடிப்படை தெளிந்த வகுப்பில். புதுப் பெயர்களிலேயே தடுமாறும் வகுப்பில் சிடிசி25 இன்னும் நன்றாக எடுபடலாம்.