12 வெள்ளி 90 காசுக்கு ஒரு பேன் சீப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீப்பு நல்ல சீப்பு, பிடி மட்டம். அவசரத்தில் இருக்கும் அம்மாக்கள் இதோடு நிறுத்திக்கொண்டு போய் வாங்கிக்கொள்ளலாம். நேரம் இருப்பவர்கள் மேலே படியுங்கள். இதை வாங்குவதற்கு முன்னால் எழுபது மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் பேன் மருந்தாக மூன்று தலைகளில் ஊற்றிக் கழுவியவள் நான்.

எனக்கு மூன்றும் பெண்கள். பெரியவளுக்கு 9, இரண்டாமவளுக்கு 7, கடைக்குட்டிக்கு 4. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், டவுனைத் தாண்டிச் செம்பனைக் காட்டை ஒட்டியிருக்கும் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். நான் விடிகாலை நாலரைக்கு எழுந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி இரண்டு கடைகளுக்குப் போடுகிறேன். சாப்பாடு விற்கிறவள் வீட்டில் பேன் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிற ஊர் இது. அதிலும் எங்கள் வீட்டில் இருந்தது நிஜப் பேன்.

முதலில் மாட்டியது கடைக்குட்டி. பாலர் பள்ளியிலிருந்து மோட்டாரில் கூட்டி வந்து, வீட்டு வாசலில் அவள் ஹெல்மெட்டைக் கழற்றினேன். வகிட்டில் எள் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. எள் நடக்காது. இது நடந்தது.

அன்று ராத்திரி போன் வெளிச்சத்தில் மற்ற இரண்டு தலைகளையும் பார்த்தேன். பெரியவளுக்குக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஈர் சரம் சரமாக. இரண்டாமவள் இரண்டு வாரமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். நான் பொடுகு என்று நினைத்து, “எண்ணெய் வைக்கச் சொன்னால் ஓடினாய் இல்லை, அனுபவி” என்று அவளையே திட்டியிருந்தேன். பொடுகா ஈரா என்று சந்தேகம் இருந்தால் வாயால் ஊதிப் பாருங்கள், விரலால் தட்டிப் பாருங்கள். பொடுகு உதிரும். ஈர் முடியில் பசை போட்டு ஒட்டியது மாதிரி இருக்கும், நகத்தால் இழுத்தால்தான் வரும். தலைத்தோலை ஒட்டி இருப்பதுதான் உயிருள்ள ஈர். முடி வளர வளரக் கீழே இறங்கி வந்து, வெள்ளையாகத் தெரிகிறதே, அது பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடு. எனக்கு இது தெரியாமல் வெள்ளையாய் இருந்ததையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, உயிரோடு இருந்ததை விட்டுவைத்திருந்தேன்.

மறுநாள் மினி மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பேன் சீப்பு ஒன்று, 2 வெள்ளி 50 காசு. பெரியவள் தலையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன், பல்லெல்லாம் விசிறி மாதிரி விரிந்துகொண்டது. அந்த இடைவெளியில் பேன் என்ன, சின்ன எறும்புக் கூட்டமே வரிசையாகப் போகலாம். அப்புறம் பார்மசியில் பேன் மருந்து, பாட்டில் 24 வெள்ளி 90 காசு. ஊற்றிய அன்று நிறையச் செத்து விழுந்தது. முடிந்தது கதை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். பத்தாவது நாள் மறுபடியும் சொறிகிறார்கள்.

பிறகுதான் பாட்டிலோடு வந்த துண்டுச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மருந்து பேனைக் கொல்லும், எல்லா ஈரையும் கொல்லாது. ஈர் ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை ஊற்ற வேண்டும். இதை எறும்புக்கால் எழுத்தில் மலாயிலும் இங்கிலீஷிலும் போட்டிருக்கிறார்கள். சரி, தப்பு என் மேல்தான் என்று மறுபடி வாங்கி, நாள் கணக்குப் பார்த்து ஊற்றினேன். அப்போதும் சிலது சாகவில்லை, தலையில் உலாத்திக்கொண்டுதான் இருந்தது. கடைக்குட்டியின் தடுப்பூசிக்காக அரசாங்கக் கிளினிக் போனபோது மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) மெதுவாகக் கேட்டேன். இந்த மருந்துகளைக் காலகாலமாகப் பயன்படுத்தி, பல இடங்களில் பேனுக்கே அது பழகிப்போய்விட்டது, சீப்பை வைத்து உட்கார்ந்து வாருவதுதான் வழி என்றார். ஆக மூன்று பாட்டில், 74 வெள்ளி 70 காசு.

அதற்குள் வீட்டு வைத்தியமும் கிளம்பிவிட்டது. என் மாமியார் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சித் தயாராக வைத்திருந்தார். “அத்தை, சின்னதுக்கு மட்டும் வேண்டாம்” என்று தடுத்துவிட்டேன். கற்பூரம் சின்னப் பிள்ளைகள் வயிற்றுக்குள் கொஞ்சம் போனால்கூட வலிப்பு வரலாம், தோல் வழியாகவும் உள்ளே ஏறும். எங்கள் கடைக்குட்டி கையை வாயில் வைக்காமல் இரண்டு நிமிடம் இருக்க மாட்டாள். அத்தைக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு அவரே அந்த எண்ணெயை முட்டிக்குத் தேய்த்துக்கொண்டார், வலி விட்டது என்கிறார். என் அம்மா இன்னும் ஒரு படி மேலே போய் மண்ணெண்ணெய் என்றார். எனக்கே சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அதைத்தான் ஊற்றினார்கள். பிடரி தோல் உரிந்து ஒரு வாரம் திரும்பிப் படுக்க முடியவில்லை. அடுப்புப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் குலை நடுங்குகிறது.

கடைசியில்தான் இந்தச் சீப்பு. போனில் தேடி வாங்கினேன், 12 வெள்ளி 90 காசு, நாலு நாளில் வந்துவிட்டது. பெட்டியின் மேல் தங்க நிற முடியோடு ஒரு பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அவளுக்குப் பேன் வந்த மாதிரியே தெரியவில்லை. உள்ளே சீப்பு உள்ளங்கை அளவுதான். பல் எல்லாம் துருப்பிடிக்காத இரும்பு, ஊசி மாதிரி நீளம், ஆனால் நுனி உருட்டி விட்டிருக்கிறது, தலையைக் கீறவில்லை. ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் திருகாணி மாதிரி மெல்லிய வரி சுற்றிப் போகிறது. அந்த வரிதான் ஈரைப் பிடித்து இழுக்கிறது. பற்களுக்கு நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் போனது.

வாங்கிய அன்று வறண்ட தலையில் நேராக வைத்து இழுத்தேன். பெரியவள் போட்ட கூச்சல் ஈப்போ வரைக்கும் கேட்டிருக்கும். அப்படிச் செய்யக் கூடாது. முடியை நனைத்து, கண்டிஷனரை அள்ளிப் பூச வேண்டும். விலை குறைந்த பெரிய பாட்டிலே போதும். கண்டிஷனர் பட்டால் பேன் ஓடாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும், சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்துவிட்டு, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் எடுத்து, இரும்புச் சீப்பைத் தலைத்தோலில் பதித்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பாதிதான் வரும்.

இழுத்ததும் வெள்ளை டிஷ்யூவில் துடையுங்கள். முதல் நாள் பெரியவள் தலையில் முதல் இழுப்பு இழுத்துத் துடைத்தபோது கண்டிஷனர் நுரைக்குள் மூன்று கறுப்புப் புள்ளி. குனிந்து பார்த்தேன். ஒன்று மெதுவாகக் காலை எடுத்து வைத்து, வழுக்கி, மறுபடி எடுத்து வைத்தது. அதன் வயிற்றுக்குள் சிவப்பாக ஒரு கோடு. என் பிள்ளையின் ரத்தம் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, கட்டை விரல் நகத்தில் வைத்து ஒரே நசுக்கு. ‘டிக்’ என்று சத்தம். இருபத்தைந்து வருடம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்.

அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். வெட்டி, பாலை எடுத்து ஸ்டோரில் கொட்டிவிட்டு, மதியம் வந்து குளித்து, லயத்து வீட்டுப் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) படிக்கட்டில் உட்காருவார். அதற்குக் கீழ்ப்படியில் அக்கா, அக்காவுக்குக் கீழே நான், எனக்குக் கீழே பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒருத்தர் தலையை ஒருத்தர் பார்க்க வேண்டும். பாட்டியிடம் ஈர்வலி என்று ஈரை உருவி எடுக்க மரத்தில் செய்த ஒரு சாமான் இருந்தது, யாரையும் தொட விடமாட்டார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் நாங்கள் அத்தனை பேரும் ஒரே பாயில் தலையோடு தலை வைத்துத் தூங்குவோம், அதனால் லயத்தில் ஒருத்திக்கு வந்தால் எல்லாருக்கும் உண்டு. யாரும் யாரையும் பார்த்து மூக்கைச் சுளித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. டவுனுக்கு வந்த பிறகுதான் பேன் அசிங்கமாகிப்போனது.

தாத்தா அடிக்கடி சொல்வார், எங்கள் சுங்கை சிப்புட்காரரான அமைச்சர் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்தில் பங்கு வாங்கினோம் என்று. நான் அதே ஊரில் பத்து வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு சீப்பு வாங்கியதைக் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

சரி, சீப்புக்கு வருகிறேன். எல்லா முடிக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இரண்டாமவளுக்கு நேர் முடி, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பெரியவளுக்கு அப்பா வீட்டு முடி, சுருட்டை, அடர்த்தி. கொஞ்சம் கூடுதலாக எடுத்தாலே சீப்பு நின்றுவிடுகிறது. அவள் ஒருத்திக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். “வலிக்குதும்மா, போதும்லா” என்று நாலு தடவை எழுந்திருப்பாள். கடைக்குட்டிக்குக் காதோரம் பூனை முடி மாதிரி மெல்லிசு, அதில் சீப்பு சுருக்கென்று இழுக்கிறது. அந்த இடத்துக்குச் சீப்பு வேண்டாம், நகம் போதும். எந்தத் தலையானாலும் ஈர் நூற்றுக்கு நூறு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிச்சம் மீதியை உட்கார்ந்து கையால்தான் உருவ வேண்டும்.

மூன்று நாளைக்கு ஒரு முறை, இரண்டு வாரம் விடாமல் வாரினேன். பொரித்து வருகிற குஞ்சு வளர்ந்து முட்டை போடுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. பெரியவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அவள் தலையில் முதல் நாள் 31, அப்புறம் 12, அப்புறம் 9, அப்புறம் 2, அப்புறம் பூஜ்யம். பூஜ்யம் வந்த பிறகும் ஒரு முறை வாரினேன், நம்பிக்கை இல்லாமல்.

பிடி விஷயம். அது பிளாஸ்டிக், இரும்புத் தகட்டைப் பசை போட்டுச் செருகியிருக்கிறார்கள். இரண்டாவது முறை வாரிவிட்டு, கொதிக்கிற தண்ணீரை மக்கில் ஊற்றி முழுச் சீப்பையும் போட்டேன். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் பிடி தனி, பல் தனி. விற்றவருக்குப் படத்தோடு செய்தி அனுப்பினேன், சிரிக்கிற முகம் ஒன்று பதிலாக வந்தது. அவ்வளவுதான். வீட்டுக்காரர் லாரியில் வைத்திருக்கும் கறுப்பு டேப்பை எடுத்துச் சுற்றிக் கொடுத்தார். பார்க்க மெக்கானிக் சாமான் மாதிரி இருக்கிறது, ஆனால் பழைய பிடியைவிடக் கைக்கு நன்றாக நிற்கிறது. இதற்காக ஐந்தில் ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.

தலையணை உறை, துண்டு, ரிப்பன் எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டேன். மெத்தையைத் தூக்கி வீசு என்று சொன்னவர்களும் உண்டு. தேவையே இல்லை. தலையை விட்டு இறங்கினால் பேன் ஒரு நாள், இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. அதற்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. தலையும் தலையும் முட்டினால்தான் பெரும்பாலும் ஏறும். அதனால் பள்ளிக்குப் போகும்போது இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டிவிடுகிறேன். ஒரே போனில் மூன்று தலை முட்டிக்கொண்டு பார்ப்பதைத்தான் என்னால் நிறுத்த முடியவில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பேனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு நானே எழுதினேன்: “எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பேன் இருந்தது, உங்கள் பிள்ளைகள் தலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.” குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்குள் நாலு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள், என்ன சீப்பு என்று கேட்டு. நாசி லெமாக் ஒரு பொட்டலம்கூடக் குறையவில்லை.

சீப்பு இப்போது பிரிட்ஜ் மேலே மைலோ டின்னில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா இரண்டு முறை இரவல் வாங்கிக்கொண்டு போனார், வேலி மேல் கையை நீட்டி, துண்டில் சுற்றி, என்னவோ நகை வாங்குகிற மாதிரி. போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் அதை எடுத்துக்கொண்டு வந்து, “ம்மா, திரும்புங்க, உங்களுக்குப் பார்க்கிறேன்” என்றாள். வாசல் படியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் வாரினாள். பேன் இல்லையாம், ஏழு நரை இருக்கிறதாம். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வாங்குகிறவர்கள் பிடியை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள்.